முதல் சுற்று யாருடையது?

டொனால்ட் டிரம்ப் மீது 2021 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்து, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்களே 10 பேர் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் வந்தபோது அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் களத்துக்கே வரவில்லை. இன்னும் நான்கு பேர் நவம்பர் பொதுத்தேர்தலை எட்டுவதற்கு முன், பிரைமரி எனப்படும் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார்கள். சபைக்குத் திரும்பியவர்கள் இரண்டே பேர்: வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், கலிஃபோர்னியாவின் டேவிட் வலடாவோ. இந்த இரு மாநிலங்களிலும் முதல் சுற்று கட்சிவாரியாக நடப்பதில்லை. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நிற்கிறார்கள். எந்த வாக்காளரும் யாருக்கும் வாக்களிக்கலாம். அதிக வாக்கு பெற்ற இருவர் நவம்பருக்குப் போகிறார்கள். செனட்டிலும் ஏறக்குறைய இதேதான். டிரம்பைக் குற்றவாளி என்று வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சியினரில் 2022இல் மக்களைச் சந்தித்தவர் அலாஸ்காவின் லிசா மர்கவ்ஸ்கி ஒருவரே. அவர் வென்றார், அங்கும் முதல் சுற்று எல்லோருக்கும் பொது. கட்சிக் கோட்டைத் தாண்டி வாக்களிக்க அனுமதிக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் அன்றிலிருந்து இந்த மூன்று பெயர்களையும் சான்றாகக் காட்டி வருகிறார்கள். சான்று பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அது சொல்வது வேறு. முதல் சுற்றின் கதவை எல்லோருக்கும் திறப்பது ஒரு வேலை. உள்ளே வந்தவர்களின் வாக்கை எப்படி எண்ணுவது என்பது இன்னொரு வேலை. அமெரிக்காவில் 90 ஆண்டுகளாக நடக்கும் சண்டை பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டாவதில்தான் இருக்கின்றன.

கட்சித் தலைமையே வேட்பாளர் பட்டியலை வெளியிட்டுப் பழகிய நாடுகளின் வாசகர்களுக்கு பிரைமரி என்பதே சற்று விநோதமாகத் தெரியக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்காவிலும் கட்சி மாநாடுகளும் அவற்றை ஆட்டிவைத்த உள்ளூர்ப் பெரும்புள்ளிகளும்தான் வேட்பாளர்களை முடிவுசெய்தார்கள். அந்தப் பிடியை உடைக்க, விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலட் 1903இல் கொண்டுவந்த சட்டம் மாநிலம் முழுவதற்கும் நேரடிப் பிரைமரியை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளிலேயே அது நாடெங்கும் பரவியது. அரசு செலவில், அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டில், அரசு ஊழியர்கள் நடத்தும் இந்தத் தேர்தலில் யார் வாக்களிக்கலாம் என்பதில்தான் மாநிலங்கள் பிரிந்தன. நியூயார்க் போன்ற இடங்களில் கட்சியின் பெயரில் பதிவுசெய்துகொண்டவர்களுக்கு மட்டுமே அனுமதி. வேறு சில மாநிலங்களில் யாரும் வரலாம், ஆனால் அன்றைக்கு ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், நாட்டின் பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஒரு கட்சியின் கோட்டையில் அந்தக் கட்சியின் பிரைமரியே உண்மையான தேர்தல். 2018இல் நியூயார்க்கின் 14ஆவது தொகுதியில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கார்ட்டெஸ் பல ஆண்டு உறுப்பினரான ஜோ கிராலியைத் தோற்கடித்தபோது அவருக்கு விழுந்தவை சுமார் 17,000 வாக்குகள். அந்தத் தொகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 லட்சம். அவர் தகுதியானவரா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. அத்தனை பேருக்கான உறுப்பினரை ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையில் இத்தனை பேர் தீர்மானித்தார்கள், மற்றவர்களில் பலருக்கு உள்ளே நுழையவே உரிமை இல்லை என்பதுதான் விஷயம். எந்தக் கட்சியையும் சாராதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்கள் காலப் கருத்துக்கணிப்புகளில் அண்மை ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறார்கள். அவர்கள் வரியும் அந்தத் தேர்தலை நடத்தத்தான் செலவாகிறது.

கட்சிக் கோடு என்பதையே மொத்தமாக அழித்துப் பார்த்த முதல் மாநிலம் வாஷிங்டன். கிரேஞ்ச் என்ற விவசாயிகள் அமைப்பு கையெழுத்துத் திரட்டிக் கொடுத்த மனுவை மாநிலச் சட்டமன்றம் 1935இல் சட்டமாக்கியது. அதன்படி வாக்காளர் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒருவரையும், அடுத்த வரியிலேயே செனட்டுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவரையும் குறிக்கலாம். எண்ணி முடித்தபின் ஒவ்வொரு கட்சியிலும் அதிக வாக்கு பெற்றவர் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஆவார். இன்றுவரை வாஷிங்டனில் வாக்காளர் தம் கட்சியைப் பதிவுசெய்வதே கிடையாது. நான் இந்தக் கட்சிக்காரன் என்று அரசிடம் சொல்ல வேண்டிய தேவை தங்களுக்கு இல்லை என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். அலாஸ்காவும் 1940களின் பிற்பகுதியிலிருந்து பெரும்பாலான ஆண்டுகள் இதே வழியில் போனது. கலிஃபோர்னியா வேறு பாதையில் வந்து சேர்ந்தது. அங்கே 1913 முதல் 1959 வரை வாக்காளருக்குப் பதில் வேட்பாளர் கோடு தாண்டலாம்: ஒருவரே இரு கட்சிகளின் பிரைமரியிலும் நிற்கலாம். 1946இல் ஆளுநர் ஏர்ல் வாரன், பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர், இரண்டு கட்சிகளின் வேட்பாளர் தகுதியையும் வென்றார். நவம்பர் அவருக்கு வெறும் சடங்கு. அந்த ஏற்பாடு பதவியில் இருப்பவர்களுக்கே தோதாக இருந்ததால் கைவிடப்பட்டது. அதன்பின் 1996 மார்ச்சில் 198ஆம் முன்மொழிவை ஏறத்தாழ 60 சதவீத வாக்காளர்கள் ஆதரித்து, வாஷிங்டன் பாணியைத் தங்கள் மாநிலத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

அங்கேதான் வழக்கு பிறந்தது. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, சுதந்திரவாதிகளின் லிபர்டேரியன் கட்சி, இடதுசாரிகளின் அமைதி மற்றும் விடுதலைக் கட்சி ஆகிய நான்கும் ஒரே அணியாக நீதிமன்றத்துக்குப் போயின. இவை நான்கும் ஒத்துப்போன விஷயம் அந்த மாநிலத்தில் வேறொன்று இருந்திருக்காது. 2000 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கட்சிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி அன்டனின் ஸ்கலியாவின் தர்க்கம் நேரானது. சங்கம் சேரும் உரிமை என்றால் வேண்டாதவர்களைச் சேர்க்காமலிருக்கும் உரிமையும் அதில் அடக்கம். ஒரு கட்சி தன் முகமாக யாரை முன்னிறுத்துகிறது என்பதுதான் அது எடுக்கும் முடிவுகளிலேயே முக்கியமானது. அதை எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் கொடுப்பது அந்த உரிமையைப் பறிப்பதுதான். இதில் சாரமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய முறையில் நடந்த முதல் பிரைமரியில் சிறு கட்சிகளின் வேட்பாளர்களுக்குச் சில பதவிகளுக்கு விழுந்த வாக்குகள் அக்கட்சிகளின் பதிவுபெற்ற உறுப்பினர் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று தீர்ப்பே சுட்டிக்காட்டியது. நூறு பேர் உள்ள கட்சியின் வேட்பாளரை வெளியிலிருந்து வந்த இருநூறு பேர் தேர்ந்தெடுத்தால் அது யாருடைய வேட்பாளர் என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் தன் எல்லைக்குள் சரியாக இருக்கும் இந்த வாதம், எல்லை தாண்டியதும் அபாயமாகிவிடுகிறது. கட்சி என்பது தனியார் சங்கம், அதன் பிரைமரி அதன் சொந்த விவகாரம் என்ற அதே வாதத்தைத்தான் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களைப் பிரைமரியிலிருந்து விலக்கி வைக்கப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. தென்மாநிலங்களில் அப்போது வேறு கட்சி இல்லாத நிலை. பிரைமரியில் வாக்கில்லை என்றால் வாக்கே இல்லை என்று பொருள். 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முறித்தது. பிறகும் டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் ஜேபேர்ட் சங்கம் என்ற வெள்ளையர் அமைப்பு, பிரைமரிக்கு முன்பே தனக்கென ஒரு வாக்கெடுப்பு நடத்தி முடிவைத் தீர்மானித்து வந்தது. அதையும் 1953இல் நீதிமன்றம் செல்லாதாக்கியது. இனத்தால் விலக்குவதும் கட்சி விசுவாசத்தால் விலக்குவதும் ஒன்றல்ல என்பது ஸ்கலியாவின் பதில். ஒன்றல்லதான். ஆனால் அந்தத் தீர்ப்புகள் நிலைநாட்டிய அடிப்படை ஒன்றே: எந்தச் சுற்றில் முடிவு உண்மையில் எடுக்கப்படுகிறதோ அந்தச் சுற்று பொதுச்சொத்து. ஒரு கட்சிக்குத் தன் பெயரின் மேல் உரிமை உண்டு. அரசு நடத்தும் தேர்தலின் முதல் சுற்றின் மேல் உரிமை கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். வியப்பு என்னவென்றால், பிரிக்கும் வழியைத் தன் தீர்ப்பிலேயே காட்டியவர் ஸ்கலியா. மாநிலம் வேண்டுமானால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்காத, நவம்பர் சீட்டில் இடம் பிடிப்பவர்களை மட்டுமே வடிகட்டும் ஒரு பொதுச் சுற்றை நடத்தலாம் என்றார்.

வாஷிங்டன் அந்த வரியை இறுகப் பற்றிக்கொண்டது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பழைய முறையையும் ரத்து செய்தது. முதல் இருவரை அனுப்பும் முறையைச் சட்டமன்றம் நிறைவேற்றியும் ஆளுநர் கேரி லாக் அந்தப் பகுதியைத் தன் தடையுரிமையால் வெட்டிவிட்டார். 2004 செப்டம்பரில் வாக்காளர்கள் ஏழு பத்தாண்டுகளில் முதன்முறையாக ஒரே ஒரு கட்சியைத் தேர்ந்து அதன் வேட்பாளர்களுக்கு மட்டும் வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் நவம்பர் வந்தது. அதே கிரேஞ்ச் அமைப்பு முன்வைத்த 872ஆம் முன்மொழிவு ஏறத்தாழ 60 சதவீத ஆதரவுடன் வென்றது. கீழ் நீதிமன்றங்கள் அதையும் தடுத்தன. 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், இந்த முறை வாக்காளர் பக்கம் நின்றது. வழி காட்டிய ஸ்கலியா எதிர்த்து எழுதினார் என்பது தனிக்கதை. பிழைத்தது எதனால் என்றால், வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய வரியால். அதில் 'ஜனநாயகக் கட்சி' என்று இல்லை. 'ஜனநாயகக் கட்சியை விரும்புபவர்' என்று இருக்கும். விருப்பம் வேட்பாளருடையது, கட்சி அவரை ஏற்றதாக அதற்குப் பொருளில்லை. அந்த ஆண்டு ஆளுநர் பதவிக்கு நின்ற டினோ ராசி, குடியரசுக் கட்சியின் செல்லப்பெயரைப் பயன்படுத்தி, 'ஜி.ஓ.பி. கட்சியை விரும்புபவர்' என்று எழுதிக்கொண்டார். அது எந்தக் கட்சி என்று அறியாத வாக்காளர்களுக்கு அந்த வரி எதைச் சொல்லியிருக்கும் என்பது யோசிக்க வேண்டியது. வேட்பாளர் தாமாக ஒட்டிக்கொள்ளும் அடையாளம் கட்சியின் முத்திரைக்கு ஈடாகாது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. அதற்கு இறுதியில் வருகிறேன்.

கோடு தாண்ட விட்டால் எதிரிகள் உள்ளே புகுந்து, தோற்கக்கூடிய வேட்பாளரை வேண்டுமென்றே ஜெயிக்க வைத்துவிடுவார்கள் என்பது மிகப் பழைய ஆட்சேபம். கேட்க நம்பும்படி இருக்கிறது, சான்று மெலிந்தது. 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, ஜனநாயகக் கட்சியின் சண்டையை நீட்டிப்பதற்காக ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களியுங்கள் என்று தன் குடியரசுக் கட்சி நேயர்களைத் தூண்டினார். இவ்வளவு பெரிய ஊதுகுழல் இருந்தும் ஒபாமாதான் வேட்பாளர் ஆனார். கலிஃபோர்னியாவின் 1998 அனுபவத்தை அலசிய ஆய்வுகளை புரூஸ் கெய்னும் எலிசபெத் கெர்பரும் 2002இல் தொகுத்து வெளியிட்டார்கள்; கோடு தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையிலேயே அந்த வேட்பாளரைப் பிடித்துத்தான் தாண்டினார்கள், அல்லது தம் கட்சியில் சுவையான போட்டி இல்லாததால் தாண்டினார்கள் என்பதே அவற்றின் பொதுவான முடிவு. காரணம் எளிது. சதி செய்ய வேண்டுமென்றால் தமக்குப் பிடித்தவருக்கு விழ வேண்டிய வாக்கை விட்டுக்கொடுக்க வேண்டும், அது பலிக்க ஆயிரக்கணக்கானோர் ஒன்றுபோல் நடக்க வேண்டும். வாக்காளர்கள் அப்படி இயங்குவதில்லை. சதியாக ஏதாவது நடக்கிறதென்றால் அதைச் செய்வது பணமுள்ள வேட்பாளர்கள்தான். 2024 கலிஃபோர்னியா செனட் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஷிஃப், குடியரசுக் கட்சியின் முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வியைத் தாக்குவதுபோல விளம்பரங்களைக் கொட்டினார். டிரம்பின் ஆள் என்று அவரைக் காட்டக்காட்ட, டிரம்ப் ஆதரவாளர்கள் கார்வி பக்கம் திரண்டார்கள். நவம்பரில் சொந்தக் கட்சியின் கேட்டி போர்ட்டரைச் சந்திப்பதைவிட கார்வியைச் சந்திப்பது ஷிஃபுக்கு எளிது; அப்படியே நடந்தது. இரண்டே இடம் என்னும்போது இரண்டாமிடத்தில் யார் வர வேண்டும் என்பதை முதலிடத்துக்காரர் விலைகொடுத்துத் தீர்மானிக்கலாம்.

ஆதரவாளர்கள் தரும் பெரிய வாக்குறுதி இன்னொன்று: எல்லோரும் வாக்களித்தால் நடுநிலையாளர்கள் வெல்வார்கள், சட்டமன்றங்களில் பிளவு குறையும். இதை நம்பித்தான் 2009இல் கலிஃபோர்னியாவின் நிதிநிலை அறிக்கை முடங்கிக் கிடந்தபோது, மாநில செனட்டர் ஏபெல் மால்டொனாடோ தன் வாக்குக்கு விலையாக முதல் இருவர் முறையைப் பொதுவாக்கெடுப்புக்கு விடக் கேட்டார். ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆதரிக்க, 2010 ஜூனில் 14ஆம் முன்மொழிவாக அது வென்றது. விளைவைப் பற்றி ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. பிரைமரி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கும் உறுப்பினர்கள் எவ்வளவு தீவிரமாக இருக்கிறார்கள் என்பதற்கும் பெரிய தொடர்பில்லை என்று எரிக் மெக்கீயும் சக ஆய்வாளர்களும் 2014இல் எழுதினார்கள். முதல் இருவர் முறை உள்ள மாநிலங்களின் உறுப்பினர்கள் சற்று மிதமானவர்கள் என்று கிறிஸ்டியன் குரோஸ் 2020இல் கண்டார். 2012 கலிஃபோர்னியா வாக்காளர்களிடம் சோதனை நடத்திய டக்ளஸ் ஆலர், ஜாக் சிட்ரின், கேப்ரியல் லென்ஸ் ஆகியோர் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எந்த வேட்பாளர் மிதமானவர், யார் தீவிரமானவர் என்பதே பெரும்பாலான வாக்காளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாத ஒன்றை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? ஆகவே மிதவாதத்தைக் காட்டி இந்த முறையை விற்பது தவறு. கோட்டைத் தொகுதியில் வாழும் மாற்றுக் கட்சிக்காரருக்கும் கட்சி சாராதவருக்கும், முடிவு எடுக்கப்படும் சுற்றில் ஒரு வாக்கு. அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்லக்கூடியது; அதுவே போதுமான காரணமும்கூட.

இனி கோளாறுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் இந்த முறை பரவலாக அமலுக்கு வந்த 2012 ஜூனில், சான் பெர்னார்டினோவை உள்ளடக்கிய 31ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நால்வர், குடியரசுக் கட்சியினர் இருவர் நின்றார்கள். நால்வரும் வாக்கைப் பங்குபோட்டுக்கொள்ள, கேரி மில்லரும் பாப் டட்டனும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். இருவரும் குடியரசுக் கட்சி. நவம்பரில் அதே தொகுதியில் ஒபாமா வசதியாக வென்றார், ஆனால் அவருக்கு வாக்களித்தவர்களுக்குப் பிரதிநிதிகள் சபைக்குத் தம் கட்சியில் ஆளே இல்லை. இதை வெறும் வாக்குப் பிரிவாக மட்டும் பார்க்க முடியாது. அன்றைய ஜூன் வாக்கில் அந்த இரு குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து பாதியைச் சற்றே தாண்டியிருந்தார்கள். ஜூனில் வருகிற கூட்டம் வேறு, நவம்பரில் வருகிற கூட்டம் வேறு; சிறிய கூட்டம் பெரிய கூட்டத்தின் தேர்வை இரண்டாகக் குறுக்கிவிட்டது. 2016இல் வாஷிங்டன் மாநிலப் பொருளாளர் பதவிக்கு நடந்ததில் அந்தச் சாக்கும் இல்லை. மூன்று ஜனநாயகக் கட்சியினர் சேர்ந்து பாதிக்கு மேல் பெற்றும், நவம்பருக்குப் போனவர்கள் இரு குடியரசுக் கட்சியினர். 2024இல் அதே மாநிலத்தின் பொதுநில ஆணையர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியிலிருந்து ஐந்து பேர், குடியரசுக் கட்சியிலிருந்து இருவர். ஏறத்தாழ 19 லட்சம் வாக்குகளைக் கையால் மறுபடி எண்ணியபோது ஜனநாயகக் கட்சியின் டேவ் அப்தக்ரோவ் இரண்டாமிடத்தைத் தக்கவைத்தது 49 வாக்குகளில். நவம்பரில் அவர்தான் வென்றார். அந்த ஐம்பது பேர் வேறு மாதிரி குறித்திருந்தால், மாநிலத்தின் பெரும்பான்மை தன் விருப்பத்துக்கு நேரெதிரான இருவருக்கிடையே தேர்ந்துகொள்ள நேர்ந்திருக்கும்.

இப்போது 2022க்குத் திரும்பலாம். நியூஹவுஸ் தப்பித்தார் என்றால், கட்சிக் கோடு அழிந்ததால் மட்டுமல்ல. அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியினர் பலர். டிரம்ப் ஆதரவு வாக்குகள் அவர்களுக்குள் சிதறின. நான்கில் ஒரு பங்கு வாக்கே அவருக்கு முதலிடத்தைத் தந்தது. அதே மாநிலத்தில் அதே நாளில், பதவிநீக்கத்தை ஆதரித்த ஜெய்மி ஹெரேரா பாய்ட்லர் மூன்றாவது தொகுதியில் மூன்றாமிடத்துக்குப் போய் வெளியேறினார். டிரம்பின் வேட்பாளர் ஜோ கென்ட்டைவிட அவர் பின்தங்கியது ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில். நவம்பரில் கென்ட்டும் ஜனநாயகக் கட்சியின் மேரி குளூசன்காம்ப் பெரெஸும் மோதினார்கள். குடியரசுக் கட்சிக்குச் சாதகம் எனக் கருதப்பட்ட அந்தத் தொகுதியைப் பெரெஸ் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பிடித்தார். வாக்குச் சிதறல் ஒருவரைக் காப்பாற்றியது, இன்னொருவரைக் கவிழ்த்தது. வலடாவோவின் வெற்றியையும் முறையின் கணக்கில் எழுத முடியாது. தம்மை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்களைவிட அவர் எப்படியும் கூடுதல் வாக்கு பெற்றிருந்தார். தொடக்கத்தில் சொன்ன சான்றில் இரண்டு பெயர்கள் இப்படிக் கரைந்துபோகின்றன. ஒரே குறி, இரண்டே இடம் என்ற எண்ணும் முறை, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற தற்செயலுக்கு முடிவை ஒப்படைத்துவிடுகிறது. லூசியானா இதைக் கசப்பாக அறியும். 1975 முதல் மாநிலப் பதவிகளுக்கு இதே போன்ற பொதுச் சுற்றை நடத்திவந்த அந்த மாநிலத்தில், 1991 ஆளுநர் தேர்தலின்போது பதவியிலிருந்த பட்டி ரோமர் மூன்றாமிடத்தில் விழுந்தார். மிஞ்சியவர்கள் ஊழல் புகார்களில் பேர்போன எட்வின் எட்வர்ட்ஸும், கூ க்ளக்ஸ் க்ளான் முன்னாள் தலைவர் டேவிட் டியூக்கும். மோசடிக்காரனுக்கே வாக்களியுங்கள், இது முக்கியம் என்ற பொருளில் கார்களில் ஒட்டுவில்லைகள் ஓடின. எட்வர்ட்ஸ் பெரிய வித்தியாசத்தில் வென்றார். மக்கள் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த இக்கட்டில் அவர்களைக் கொண்டு நிறுத்தியது எண்ணும் முறை.

நவம்பரில் ஒரே கட்சியின் இருவர் மோதும் நிலையை எதிர்ப்பாளர்கள் கேலி செய்வதுண்டு. அதில் பாதி எனக்கு ஏற்புடையதல்ல. 1973 முதல் சபையில் இருந்த பீட் ஸ்டார்க்கை 2012 நவம்பரில் இளைஞர் எரிக் ஸ்வால்வெல் வீழ்த்தினார். இருவரும் ஜனநாயகக் கட்சி. கட்சிக்குள் மட்டும் நடக்கும் பிரைமரியில் இப்படிப்பட்ட மூத்தவரை அசைப்பது அரிது; தொகுதி முழுவதும் வாக்களித்ததால் நடந்தது. சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபால் 2016இல் சியாட்டில் தொகுதியில் பிரேடி வாக்கின்ஷாவைத் தோற்கடித்து சபைக்குள் நுழைந்ததும் இப்படி ஒரு சகோதரச் சண்டையில்தான். அதே நாளில் கலிஃபோர்னியாவில், சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் தன் கட்சியின் லொரேட்டா சான்செஸை வென்று செனட்டரானார். குடியரசுக் கட்சி வாக்காளர் இந்த இருவரில் யார் பரவாயில்லை என்று சொல்லும் வாய்ப்பைப் பெற்றார். வழக்கமான முறையில் அவர் வாக்கு தோற்கும் வேட்பாளருக்கு விழுந்து எந்தப் பயனும் இல்லாமல் போயிருக்கும். ஆனால் மறுபாதியை மறுக்க முடியாது. அந்த நாளில் அதிபர் தேர்தலுக்கு வாக்களித்த கலிஃபோர்னியர்களில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குச் சமமான எண்ணிக்கை செனட் வரியில் குறைந்தது. இரு கட்சிகளும் மோதிய 2012இல் அந்தக் குறைவு 5 லட்சத்துக்கும் கீழே. வாய்ப்பு கிடைத்தும் பலர் சீட்டை வெறுமையாக விட்டார்கள் என்றால், அதை வாய்ப்பாக அவர்கள் உணரவில்லை. பசுமைக் கட்சி, லிபர்டேரியன் கட்சி போன்றவை நவம்பர் சீட்டிலிருந்தே ஏறக்குறைய மறைந்துபோனதும் இதே கணக்கின் விளைவு. இரண்டு என்ற எண்ணுக்கு எந்தப் புனிதமும் கிடையாது, அதை மாற்றலாம்.

மாற்றிப் பார்த்தது அலாஸ்கா. 2020இல் மயிரிழையில் நிறைவேறிய முன்மொழிவின்படி முதல் சுற்றில் எல்லோரும் நிற்பார்கள், நால்வர் நவம்பருக்குப் போவார்கள், அங்கே வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என விருப்ப வரிசையிடுவார். இலங்கையில் அதிபர் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு இது புதிதல்ல. 2024இல் அங்கே இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டியும் வந்தது. மர்கவ்ஸ்கியின் வெற்றி இந்த முறையில் கிடைத்தது, மேலே சொன்ன மூன்று பெயர்களில் தேறுவது அது ஒன்றுதான். மாநிலக் குடியரசுக் கட்சி அவரைக் கைவிட்டு கெல்லி சிபாகாவை ஆதரித்தது. 2010இல் ஒருமுறை கட்சிப் பிரைமரியில் தோற்று, வாக்காளர்கள் தன் பெயரைக் கையால் எழுதியே வென்றவர் அவர். 2022இல் அந்த சாகசம் தேவைப்படவில்லை. நவம்பர் முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடையே ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளி. நீக்கப்பட்ட ஜனநாயகக் கட்சி வேட்பாளரின் வாக்குகள் கைமாறியபின் ஏறத்தாழ 54 சதவீதத்தில் வென்றார். ஹெரேரா பாய்ட்லருக்கு நான்கு இடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் அறுதியிட முடியாது. ஆனால் நவம்பர் வாக்காளர்கள் அவரைப் பற்றி முடிவு சொல்லியிருப்பார்கள். அலாஸ்கா முறையும் பழுதற்றதல்ல. 2022 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மேரி பெல்டோலா சாரா பேலினை வென்றார். வாக்குச்சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மூன்றாமிடத்தில் வெளியேறிய நிக் பெகிச் இருவரில் எவரையும் நேருக்கு நேர் தோற்கடித்திருப்பார் என்று காட்டினார்கள். 2024இல் மூன்றாமிடக்காரரும் நான்காமிடக்காரரும் விலகிக்கொள்ள, பின்வரிசையிலிருந்து மேலேறிச் சீட்டில் இடம் பிடித்தவர்களில் ஒருவர் நியூயார்க்கில் சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த எரிக் ஹாஃப்னர். விலகும் தேதியை முன்னால் நகர்த்தினால் இந்தக் கூத்து தீரும். பெகிச் சிக்கல் அவ்வளவு எளிதல்ல. எண்ணும் விதியில் இன்னும் திருத்தம் கேட்கிறது.

2024 நவம்பரில் இந்தச் சீர்திருத்தத்தின் ஏதோ ஒரு வடிவம் கொலராடோ, நெவாடா, ஐடஹோ, அரிசோனா, மான்டானா, தெற்கு டகோடா ஆகிய ஆறு மாநிலங்களில் வாக்கெடுப்புக்கு வந்து ஆறிலும் தோற்றது. அலாஸ்காவில் அதை ரத்து செய்யும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தோல்வியடைந்தது. லூசியானா 2026 முதல் அமெரிக்க நாடாளுமன்றப் பதவிகளுக்குக் கட்சிப் பிரைமரிக்குத் திரும்பச் சட்டம் இயற்றிவிட்டது. இத்தனை இடத்தில் மக்கள் மறுத்த பிறகு எதற்கு வீம்பு என்று கேட்கலாம். மறுப்பில் பெரும்பங்கு, திறந்த பிரைமரியையும் வரிசை வாக்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, வெளியூர் நன்கொடையாளர்களின் பணத்தில் விளம்பரம் செய்ததற்கு விழுந்த அடி என்றே எனக்குத் தோன்றுகிறது. வாஷிங்டனில் கிரேஞ்ச் எழுபது ஆண்டு இடைவெளியில் இருமுறை வென்றது உள்ளூர் அமைப்பாக இருந்ததால்தான். இரண்டாவது காரணம், கட்சிகளின் நியாயமான அச்சத்துக்குச் சீர்திருத்தவாதிகள் பதில் வைத்திருக்கவில்லை. பெயரின் மேல் கட்சிக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால் வழி இருக்கிறது: கட்சி தன் செலவில், தன் விதிப்படி, தன் உறுப்பினர்களைக் கொண்டு மாநாட்டிலோ அஞ்சல் வாக்கிலோ ஒருவரை ஆதரிக்கட்டும், முதல் சுற்று வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'கட்சியின் ஆதரவு பெற்றவர்' என்று அரசு அச்சிடட்டும், மற்றவர்கள் 'விரும்புபவர்' என்றே நிற்கட்டும். கலிஃபோர்னியா கட்சி ஆதரவுப் பட்டியலை வாக்காளர் கையேட்டில் ஏற்கெனவே அச்சிடுகிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் சீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். கட்சியின் முத்திரை கட்சியிடம் இருக்கும், டினோ ராசி பாணிக் குழப்பமும் குறையும், ஐந்து பேர் போட்டியிட்டாலும் யார் பின்னால் திரள்வது என்று விரும்புகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகும் ஒரு கட்சி தன் ஆதரவு பெற்றவரை முதல் நான்கு இடங்களுக்குள் கொண்டுவர முடியாமல் தவித்தால், அதற்காக மற்ற வாக்காளர்களை வெளியே நிறுத்தச் சொல்லும் உரிமை அதற்கு எங்கிருந்து வருகிறது என்பதை அந்தக் கட்சிதான் விளக்க வேண்டியிருக்கும்.